போதை மறுவாழ்வு மையம் நம் தெருவில் வரலாமா, யாரைக் கேட்க வேண்டும்?

எங்கள் தெருவில் பூட்டிக் கிடந்த மாடி வீட்டுக்குப் போன மாதம் பெயின்ட் அடித்தார்கள், அப்புறம் மாடி ஜன்னல்களுக்கெல்லாம் வெளிப்பக்கமாகக் கம்பி வலை வைத்து வெல்டிங் நடந்தது. குடி மறுவாழ்வு மையம் வருகிறது என்று பால்காரர் சொன்னார். அன்று சாயங்காலமே நாலு வீடு தள்ளியிருக்கும் ரிட்டயர்டு வாத்தியார் வெள்ளைத்தாளும் பேனாவுமாக வந்துவிட்டார். "கண்ணு, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கறோம், ஒரு கையெழுத்துப் போடு. ஸ்கூல் பக்கத்துல இதெல்லாம் வரக் கூடாதுன்னு சட்டமே இருக்குது."

அவர் நினைத்தது டாஸ்மாக் விதியை. 2003 மதுபான சில்லறை விற்பனை விதிகளின்படி பள்ளி, வழிபாட்டுத் தலங்களிலிருந்து மாநகராட்சி, நகராட்சிக்குள் 50 மீட்டர், மற்ற ஊர்களில் 100 மீட்டர் தள்ளித்தான் கடை இருக்க வேண்டும். வணிகப் பகுதி என்று ஒதுக்கிய இடமானால் அந்தத் தூரமும் கிடையாது. மறுவாழ்வு மையங்களுக்குப் பொருந்துகிற 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இப்படி மீட்டர் கணக்கே இல்லை. குடியை விற்கிற இடத்துக்குப் போட்ட விதியை, குடியை நிறுத்துகிற இடத்தின் மேல் ஏற்றிப் பேசுகிறோம்.

சரி, அப்படியானால் எங்கே வேண்டுமானாலும் திறக்கலாமா? அப்படியும் இல்லை. கட்டடத்துக்கு ஒரு கேள்வி, மையத்துக்கு ஒரு கேள்வி, இரண்டும் வேறு வேறு அலுவலகத்தில் கேட்க வேண்டியவை.

கட்டடக் கேள்வி 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தில் வருகிறது. எங்கள் சேலத்துக்கு, எந்த இடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுத்த முழுமைத் திட்டம் இருக்கிறது. ஒவ்வொரு சர்வே எண்ணும் குடியிருப்பு, வணிகம், நிறுவனம் (பள்ளி, மருத்துவமனை போன்றவை), தொழில், விவசாயம் என்று ஏதாவது ஒரு நில உபயோகத்தில் இருக்கும், எந்த உபயோகத்தில் என்ன கட்டலாம் என்பதை 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்கின்றன. நில உபயோகமும் அனுமதியும் பொருந்தி வந்தால் "தெருக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை" என்பது மறுக்கக் காரணமாகாது. ஆனால் வீடு என்று அனுமதி வாங்கிய கட்டடத்தில் பத்து இருபது பேரைத் தங்க வைத்துச் சிகிச்சை தருவது உபயோக மாற்றம். அனுமதி இல்லாமல் செய்தால் 56, 57 பிரிவுகளில் நோட்டீஸ் கொடுத்துப் பூட்டி சீல் வைக்கிற அளவுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆகவே மனுவில் "எங்கள் பிள்ளைகளுக்கு ஆபத்து" என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட, இந்தச் சர்வே எண்ணுக்கு என்ன நில உபயோகம், இந்தக் கட்டடத்துக்கு எதற்காக அனுமதி தந்தீர்கள் என்று 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது மேல். 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஏற்காட்டில் குளிராக, அமைதியாக இருக்கிறது என்று எஸ்டேட் பங்களாவைப் பிடித்து மையம் நடத்த நினைப்பவர்களுக்கு இது மட்டும் போதாது. ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்புக்குள் வருகிறது, அங்கே புதிதாக ஏதாவது கட்டுவதானால் அந்த ஆணையத்தின் அனுமதியும் வேண்டும்.

இனி மையத்தைப் பற்றிய கேள்வி. மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளை 2017 சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது, அதனால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யாமல் மையம் நடத்தக் கூடாது. பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், திரும்பத் திரும்பச் செய்தால் 5 லட்சம் வரை போகும். ஆனால் போர்டில் "அரசு பதிவு பெற்றது" என்று இருப்பதைப் பார்த்துத் திருப்தியாகிவிடாதீர்கள். தற்காலிகப் பதிவை, விண்ணப்பித்த 10 நாளில், விசாரணை எதுவும் இல்லாமலே தந்துவிடுவார்கள், அது 12 மாதம் செல்லும். நிரந்தரப் பதிவு கேட்கும்போதுதான் குறைந்தபட்சத் தரம் இருக்கிறது என்பதற்கான ஆதாரங்களை ஆணையம் 30 நாள் இணையதளத்தில் போட்டு ஆட்சேபம் கேட்கும். பொதுமக்களுக்கு இந்தச் சட்டம் திறந்து வைத்திருக்கிற கதவு அது. அங்கே தரத்தைப் பற்றித்தான் பேச முடியும், தெருவின் கௌரவத்தைப் பற்றி அல்ல.

இதையெல்லாம் வாத்தியாரிடம் சொன்னேன். தாளை மடித்துக்கொண்டே, "அப்ப அந்தக் கம்பி வலை எதுக்கு கண்ணு?" என்றார். நல்ல கேள்வி. தானாக வந்து சேர்ந்தவர் வீட்டுக்குப் போகிறேன் என்றால் விட வேண்டும், மனநல மருத்துவர் பார்த்து முடிவெடுக்க 24 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான். யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது, தனியறையில் அடைக்கக் கூடாது. தரம் சரியில்லை என்று யார் புகார் கொடுத்தாலும் ஆணையம் ஆய்வுக்கு வரலாம். வலை போட்டதாலேயே தப்பு என்று சொல்ல மாட்டேன். மையம் திறந்ததும் உள்ளே போய், நோயாளிகளின் புகாரை விசாரிக்கிற மனநல மறுஆய்வு வாரியத்தின் முகவரியும் போன் நம்பரும் கண்ணில் படுகிற இடத்தில் எழுதி வைத்திருக்கிறார்களா என்று பார்க்கப் போகிறோம், அது சட்டப்படி கட்டாயம். வாத்தியாரும் வருகிறேன் என்றிருக்கிறார்.