நாற்காலி நுனியில் உட்காருகிறவர்கள்

அந்த அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. முழங்கால் வலி என்று சொல்லித்தான் என்னிடம் வந்தார். கருநீலச் சேலை, மடியில் ஒரு மஞ்சப்பை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "நல்லா சாஞ்சு உக்காருங்கம்மா" என்றேன். "பரவால்ல மேடம்" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போது இருமல் வந்தது. இருமுவதற்கு முன் இரண்டு கால்களையும் சட்டென்று பின்னிக்கொண்டார்.

"இருமினா யூரின் வந்துடுதாம்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் பையைத் திறந்து காட்டினார். ஒரு உள்பாவாடை, கிழித்து மடித்த பழைய காட்டன் துணி, ஈரத்தைச் சுற்றி வைக்க ஒரு பிளாஸ்டிக் கவர். ஆறு வருடமாக அந்தப் பை இல்லாமல் அவர் வாசல்படி தாண்டியதில்லை. கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். (அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

நான் பிசியோதெரபிஸ்ட். முழங்கால், இடுப்பு என்று வருகிற பெண்கள் எல்லோரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவேன். கேட்காமல் யாரும் சொல்வதில்லை. இந்த அம்மா முன்பு ஒரே ஒருமுறை ஒரு மருத்துவரிடம் சொல்லியிருக்கிறார். "வயசானா அப்படித்தாம்மா" என்று பதில் வந்ததாம். எனக்கு இதைக் கேட்டாலே மனசு பொறுக்காது. சிறுநீர்க் கசிவு பலருக்கும் வருவதுதான். அதற்காகச் சகித்துக்கொண்டே இருக்க வேண்டியது இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இதை நன்றாகவே குறைக்க முடியும்.

இடுப்பெலும்பின் அடியில், முன்னிருந்து பின்னாக ஊஞ்சல் துணி போல ஒரு தசைத் தொகுதி இருக்கிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அதுதான் தாங்குகிறது. சுகப்பிரசவம், உடல் பருமன், தீராத இருமல், முக்கி முக்கி மலம் கழிப்பது, மாதவிடாய் நின்றபின் வரும் ஹார்மோன் குறைவு எல்லாம் அதைத் தளர்த்தும். தளர்ந்தால் இருமும்போது, தும்மும்போது, தண்ணீர்க் குடம் தூக்கும்போது கசியும். இது ஒரு வகை. இன்னொரு வகையில் சிறுநீர்ப்பை நிறைவதற்கு முன்பே சுருங்கத் தொடங்கிவிடும். வீட்டுப் பூட்டில் சாவியை நுழைக்கும்போதே அவசரம் முட்டும், பாத்ரூம் போவதற்குள் நனைந்துவிடும். இந்த அம்மாவுக்கு இரண்டும் இருந்தன.

முதலில் சிறுநீர்த் தொற்றும் சர்க்கரையும் இருக்கிறதா என்று பரிசோதித்து வரச் சொன்னேன். இரண்டும் இல்லை. அப்புறம் மூன்று நாளைக்கு ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். எத்தனை மணிக்கு என்ன குடித்தார், எத்தனை மணிக்குப் போனார், எவ்வளவு போனார். அளக்க, மில்லிலிட்டர் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் மக் போதும்.

நோட்டு எல்லாவற்றையும் சொன்னது. பகலில் மட்டும் பதிமூன்று முறை போயிருக்கிறார், பல தடவை நூறு மில்லி கூட இல்லை. நானூறு, ஐந்நூறு மில்லி பிடிக்கக்கூடியது சிறுநீர்ப்பை. "பஸ் ஏறப்போறோம், எதுக்கும் ஒரு தடவை போயிட்டு வந்துடுவோம்" என்று போய்ப் போய், கொஞ்சம் நிறைந்தாலே மணியடிக்கப் பை பழகிவிட்டது. காபி மூன்று வேளை. தண்ணீரோ சாயங்காலம் வரை மூன்றே டம்ளர்.

தண்ணீரைக் குறைப்பதுதான் நம் ஊரில் பெண்கள் எல்லோரும் செய்யும் வைத்தியம். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைகள் இருக்கிற நிலைமையில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும், அவசரம் கூடும். மலச்சிக்கல் வந்து அதுவும் பையை அழுத்தும். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காக அளவோடு குடிக்கச் சொல்லப்பட்டவர்களைத் தவிர மற்றவர்கள், ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை நாள் முழுக்கப் பிரித்துக் குடிக்கலாம். தூங்கப்போகும் முன் இரண்டு மணி நேரம் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அந்த அடித் தசைகளுக்கான பயிற்சி. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் இதைப் பற்றி எழுதியதிலிருந்து அவர் பெயராலேயே 'கெகல் பயிற்சி' என்று அழைக்கிறோம். யூடியூப் பார்த்துச் செய்கிறவர்களில் பலர் வயிற்றையோ பிட்டத்தையோதான் இறுக்குகிறார்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். நாலு பேர் நடுவில் காற்றுப் பிரியாமல் அடக்குவீர்களே, அதே இடத்தை மேலே இழுங்கள். கையை வயிற்றின் மேல் வையுங்கள், அது கல்லாகக் கூடாது. மூச்சைப் பிடிக்காதீர்கள். ஐந்து எண்ணும்வரை பிடித்து, அதே அளவு நேரம் முழுதாகத் தளர விடுங்கள். இப்படிப் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழக வேண்டாம். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். இரண்டாவது வாரத்தில் விட்டுவிட்டு "சரிப்படல" என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

தும்மல் வருகிறது என்று தெரிந்ததுமே அந்தத் தசையை இறுக்கிவிட்டுத் தும்மப் பழகுங்கள். அவசரம் முட்டினால் ஓடாதீர்கள். நில்லுங்கள், அல்லது உட்காருங்கள். ஐந்தாறு முறை வேகமாக இறுக்கி விடுங்கள். மனசை வேறெங்காவது திருப்புங்கள். இந்த அம்மா தன் ஊர் பஸ் நிற்கும் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிக்கொள்வார். அலை தணிந்தபின் நடந்து போகலாம்.

பயிற்சியால் போதாதவர்களுக்கு மாத்திரை, மாதவிடாய் நின்றவர்களுக்குப் பிறப்புறுப்பின் உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு, சிறிய அறுவை சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. பிராஸ்டேட் அறுவைக்குப் பிறகு கசியும் ஆண்களுக்கும் இதே பயிற்சிதான். நீர் மாத்திரை (சிறுநீரை அதிகமாகப் பிரியவைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாதவிடாய் நாப்கின் சிறுநீருக்காகச் செய்தது அல்ல. ஈரம் தங்கித் தோல் புண்ணாகும். மெடிக்கலில் இதற்கென்றே தனி பேட் இருக்கிறது. வயதானவர்களுக்கு, கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் இடையே ஒரு இரவு விளக்கு, சுவரில் ஒரு கைப்பிடி. இவை நன்றாக உதவும்.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், நிற்காமல் ஒழுகிக்கொண்டே இருப்பது என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள். முதுகுவலியோடு கால் மரத்து, திடீரென்று கட்டுப்பாடு போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அந்த அம்மா பதினான்காவது வாரம் வந்தார். நோட்டில் பகலுக்கு ஏழு முறை. சளி பிடித்தால் இன்னும் ரெண்டு சொட்டு வரத்தான் செய்கிறது என்றார். மஞ்சப்பையில் அன்று ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் இருந்தது. பின்னால் மருமகள் தயங்கி நின்றுகொண்டிருந்தாள், பிரசவமாகி மூன்று மாதம். "இவளுக்கும் இருமினா வருதாம் மேடம். எங்கிட்ட சொன்னா" என்றார்.