உறைந்த ஏரிக்குப் போகும் அப்பச்சிக்கு என்ன பூட்ஸ்?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் மகனோ மகளோ மினசோட்டாவிலும் கனடாவிலும் இருக்கும் வீடுகள் நிறைய. பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது, புதுவீடு புகுகிறார்கள் என்று பெற்றவர்கள் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறார்கள். குளிர்காலத்தில் அங்கே விடுமுறை நாள் பொழுதுபோக்குகளில் ஒன்று ஐஸ் ஃபிஷிங். உறைந்துபோன ஏரியின் மேல் நடந்து போய், ஆகர் என்னும் துளைக்கருவியால் ஐஸில் ஓட்டை போட்டு, பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து தூண்டில் விடுவார்கள். கோடையில் கண்மாய் வற்றும்போது ஊத்தாவும் கச்சாவும் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கி மீன் பிடித்துப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் பார்க்க ஆசை வருவது இயல்பு. போக வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. போகிறவர்களில் பலருக்கு அறுபது வயதுக்கு மேல், சர்க்கரையும் இருக்கிறது. கால் பராமரிப்பு செய்கிற எங்களுக்குக் கவலையெல்லாம் அந்தக் கால்விரல்களைப் பற்றித்தான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பூட்ஸ் சூட்டை உண்டாக்குவதில்லை. காலுக்கு வரும் ரத்தம்தான் சூட்டைக் கொண்டுவருகிறது, பூட்ஸ் அதை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். குளிர் கூடும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சூடு குறையக்கூடாது என்று உடம்பு கை, கால் ரத்தக்குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. நடந்துகொண்டிருந்தால் தசைகள் வேலை செய்து சூட்டை உண்டாக்கும், ரத்தமும் ஓடும். தூண்டில் போட்டவர் இரண்டு மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அதோடு அவர் கால் வைத்திருப்பது ஐஸின் மேலேயே. உடம்பின் பாரம் அடிப்பகுதியில் இருக்கும் பஞ்சை நசுக்கி அதிலிருக்கும் காற்றை வெளியேற்றிவிடுவதால், சூடு உள்ளங்கால் வழியாகத்தான் வேகமாக இறங்குகிறது. கடைக்குப் போய்வர, வாசல் பனியை வாரிப்போட என்று மகன் வாங்கிக் கொடுத்த பூட்ஸ் ஏரியில் போதாமல் போவது இதனால்தான்.

பூட்ஸ் வாங்குவதற்கு முன் காலைப் பாருங்கள். ஊரிலேயே, டிக்கெட் போடும் சமயத்திலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. படுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். வீட்டில் இன்னொருவர் ஆள்காட்டி விரல் நுனியால் ஒவ்வொரு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை வரிசை மாற்றி மாற்றி, ஒன்றிரண்டு விநாடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, தடவக்கூடாது. தொட்டது தெரிந்தவுடன் வலது, இடது என்று சொல்ல வேண்டும். ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் காலில் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். டாக்டரிடம் போய் 10 கிராம் நைலான் இழைச் சோதனையும், பாதத்தின் மேலும் உள்கணுக்காலுக்குப் பின்னும் நாடித்துடிப்பும் பார்த்துக்கொள்ள வேண்டும். உணர்ச்சி இல்லாத கால் குளிர்கிறது என்று சொல்லாது. மற்றவர்கள் விரல் வலி தாங்காமல் எழுந்து போகும் நேரத்தில் இவர் சௌகரியமாக உட்கார்ந்திருப்பார். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

காலில் ஆறாத புண் இருப்பவர்கள், ஏற்கெனவே விரல் எடுத்தவர்கள், கால் ரத்தக்குழாயில் அடைப்பு என்று சொல்லப்பட்டவர்கள் எந்த பூட்ஸ் போட்டுக்கொண்டும் ஏரிக்குப் போக வேண்டாம். இதில் எங்களிடம் விட்டுக்கொடுப்பு இல்லை. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் அட்டெனலால், புரொப்ரனலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கை கால் சீக்கிரம் சில்லிட்டுப் போகலாம். அதற்காக மாத்திரையை நிறுத்தக்கூடாது, டாக்டரிடம் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அளவு. பூட்ஸ் விஷயத்தில் கெடுதல் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இறுக்கமான பூட்ஸ் எவ்வளவு விலையானாலும் குளிரும், ஏனென்றால் விரலைச் சுற்றிக் காற்றுக்கு இடமிருக்காது, ரத்த ஓட்டமும் தடைபடும். வீட்டுக்குள் ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலும் வெளியே செருப்புமாக வாழ்நாளெல்லாம் நடந்த பாதம் முன்பக்கம் அகன்று விரிந்திருக்கும். வெளிநாட்டு பூட்ஸின் சாதாரண அகலத்தில் அது அடங்குவது சிரமம். நீளம் சரியாக இருக்கிறது என்று வாங்கினால் சுண்டுவிரலும் கட்டைவிரல் எலும்பும் நசுங்கும்.

மகன் அங்கே முன்கூட்டியே வாங்கி வைக்கப்போகிறார் என்றால் இப்படி அளந்து அனுப்புங்கள். சாயங்காலத்தில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், அங்கே போடப்போகும் தடிமனுக்குச் சாக்ஸ் போட்டுக்கொண்டு, தரையில் விரித்த வெள்ளைத்தாளில் இரண்டு காலிலும் சமமாகப் பாரம் கொடுத்து நிற்க வேண்டும். வேறொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் கோடு இழுக்க வேண்டும். பென்சில் சாய்ந்தால் அளவு தப்பிவிடும். குதிகாலிலிருந்து மிக நீளமான விரல் வரை (சிலருக்கு இரண்டாவது விரல் நீளம்), பிறகு மிக அகலமான இடத்தில் குறுக்கே, இரண்டையும் சென்டிமீட்டரில் எழுதுங்கள். இரண்டு காலில் எது பெரியதோ அதுதான் அளவு. நம் ஊர்க் கடை நம்பரை அப்படியே சொல்லிவிடாதீர்கள். இங்கே பெரும்பாலும் பிரிட்டிஷ் நம்பர் நடப்பில் இருக்கிறது. ஆண்களுக்கு அமெரிக்க நம்பர் ஏறத்தாழ ஒன்று கூடும், பெண்களுக்கு இரண்டு கூடும். இங்கே 8 போடும் அப்பச்சிக்கு அங்கே 9. அகலத்துக்குத் தனி எழுத்து உண்டு. ஆண்கள் பூட்ஸில் டி (D) சாதாரணம், இஇ (EE) அகலம், 4இ (4E) மிக அகலம்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் அட்டையை வெளியே எடுத்து அதன் மேல் காலை வைத்து நிற்கச் சொல்லுங்கள். பாதத்தின் எந்த ஓரமும் அட்டைக்கு வெளியே பிதுங்கக்கூடாது. விரலுக்கு முன்னால் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். போட்டுக் கட்டிய பிறகு பத்து விரலையும் தாராளமாக மடக்கி நீட்ட முடிய வேண்டும். வழக்கமான அளவுக்கு ஒரு நம்பர் கூட்டினால் போதும். இன்னும் பெரிதாக எடுத்தால் நடக்கும்போது குதிகால் ஏறி இறங்கி உரசும், கொப்புளம் வரும். உணர்ச்சி குறைந்தவருக்குக் கொப்புளம் சாக்ஸைக் கழற்றும்போதுதான் தெரியும்.

வகைகளில் எங்கள் முதல் தேர்வு, கீழ்ப்பாதி ரப்பர், மேல்பாதி தோல் அல்லது நைலான், உள்ளே தனியாகக் கழற்றி எடுக்கும் கம்பளி ஃபெல்ட் உறை என்று வரும் பூட்ஸ்தான். அங்கே இதைப் பேக் பூட்ஸ் என்பார்கள். ஓட்டையைச் சுற்றித் தேங்கும் ஐஸ் கலந்த தண்ணீருக்கு ரப்பர் தாக்குப்பிடிக்கும், வியர்வையில் நனைந்த உறையை வெளியே எடுத்துக் காயவைக்கலாம். கூடுதலாக ஒரு ஜோடி உறை வாங்கிவிட்டால் இன்னும் நல்லது. நியோப்ரீன் என்னும் ரப்பர் நுரையில் செய்த பூட்ஸ் தண்ணீரைச் சுத்தமாக விடாது. ஆனால் பெரும்பாலும் உள்ளுறையைக் கழற்ற முடியாது, ஈரம் உள்ளேயே தங்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அதைப் போடுவதும் கழற்றுவதும் பெரும்பாடு. ஈவிஏ நுரையில் வார்த்த பூட்ஸ் எடை குறைவு என்பதால் வயதானவர்களுக்கு நல்லது, ஆகர் பிளேடு பட்டால் மட்டும் கிழிந்துவிடும். ராணுவ உபரிக் கடைகளில் கிடைக்கும், இரண்டு ரப்பர் அடுக்குக்கு நடுவே பஞ்சை அடைத்த பூட்ஸ் நல்ல சூடாக இருக்கும். ஆனால் கால் முழுநேரமும் வியர்வையில் ஊறிக் கிடக்கும், சர்க்கரைக்காரர்களுக்கு வேண்டாம்.

நம் ஊரில் வயலுக்கும் கான்கிரீட் வேலைக்கும் போடுகிற கறுப்பு பிவிசி கம்பூட்ஸைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகாதீர்கள். அதில் பஞ்சு இல்லை. கடுங்குளிரில் பிவிசி விறைத்து வழுக்கும், வெடிக்கவும் செய்யும்.

இத்தனை குளிர் வரை தாங்கும் என்று பூட்ஸ் பெட்டியில் போட்டிருக்கும் டிகிரியை எவ்வளவு நம்பலாம்? எல்லாக் கம்பெனிகளும் ஒரே முறையில் சோதித்துப் போடும் எண் இல்லை அது. நடந்துகொண்டே இருப்பவரை வைத்துப் போட்ட எண் உட்கார்ந்திருப்பவருக்குப் பொருந்தாது. ஐரோப்பியப் பாதுகாப்பு பூட்ஸ்களில் சிஐ (CI) என்ற குறி இருந்தால், மைனஸ் 17 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்துப் பார்த்தபோது உள்ளே இருந்த சூடு 10 டிகிரிக்கு மேல் இறங்கவில்லை என்று பொருள். அரை மணி நேரச் சோதனை அது, நீங்கள் உட்காரப்போவது அதற்கு மேல். அன்றைய குளிரைவிட 20 டிகிரியாவது கீழே எண் போட்ட பூட்ஸை எடுக்கச் சொல்கிறோம். அமெரிக்காவில் எண் ஃபாரன்ஹீட்டில் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மைனஸ் 20 ஃபாரன்ஹீட் என்பது மைனஸ் 29 செல்சியஸ். தின்சுலேட் என்னும் செயற்கைப் பஞ்சு 400 கிராம், 1000 கிராம் என்று எழுதியிருப்பது ஒரு சதுர மீட்டர் பஞ்சின் எடை. நடப்பதற்கு 400 போதும், உட்கார்ந்திருக்க 800க்குக் குறையாமல் பாருங்கள். ஆனால் அந்தப் பஞ்சு பாதத்தின் மேலே மட்டுமா, அடியிலும் இருக்கிறதா என்று கேளுங்கள். அடிப்பாகம் மெலிந்திருந்தால் 1200 கிராமும் காப்பாற்றாது.

வாங்கிவந்ததும் உள்ளே டிஷ்யூ தாளைத் திணித்து, மேலே கனமாக ஏதாவது வைத்து, பாத உயரத்துக்குத் தண்ணீர் இருக்கும் வாளியில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். தாள் நனைந்திருந்தால் தையலிலோ ஒட்டிலோ ஓட்டை இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பஞ்சுத்துணிச் சாக்ஸ் கூடவே கூடாது. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு காலைச் சில்லிட வைக்கும். உள்ளே மெல்லிய பாலியஸ்டர் சாக்ஸ், அதன் மேல் ஒரு தடிமனான மெரினோ கம்பளிச் சாக்ஸ், இது போதும். இன்னொன்று சேர்த்துப் போட்டால் பூட்ஸ் இறுகி, விட்ட இடத்தையெல்லாம் அடைத்துவிடும். காரில் ஹீட்டர் ஓட, பூட்ஸ் போட்டபடியே ஒரு மணி நேரம் உட்கார்ந்து போனால் ஏரி வருவதற்குள் சாக்ஸ் வியர்வையில் நனைந்துவிடும். காரில் சாதாரண ஷூவோடு போய், ஏரிக்கரையில் காலைத் துடைத்து, காய்ந்த சாக்ஸும் பூட்ஸும் மாட்டிக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கத்துக்கு இருக்கும் பலன் கூடுதல் நூறு டாலர் பூட்ஸுக்குக்கூட இல்லை.

விரலடியில் ஒட்டும் சூட்டுப் பொட்டலங்களும் பேட்டரி சாக்ஸும் உணர்ச்சி குறைந்த காலுக்கு ஆகாது. சுட்டாலும் தெரியாது. கூடாரத்துக்குள் எரியும் ஹீட்டர் பக்கம் காலை நீட்டுவதும் அப்படித்தான். கூடாரத்தில் ஹீட்டர் எரிந்தால் காற்று வர வழி இருக்க வேண்டும், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் குளிருக்குச் சளைத்த ஆபத்தில்லை. கார்பைடு முள் வைத்த, ரப்பர் வாரால் மாட்டும் கிளீட்ஸ் ஒன்றை பூட்ஸோடு சேர்த்து வாங்குங்கள். வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் கழற்றிவிட வேண்டும், டைல்ஸ் தரையில் அதுவே வழுக்கும். ஐஸின் கனம் குறைந்தது 4 அங்குலமாவது இருக்கிறதா என்று மகன் அளந்து பார்த்த பிறகு காலை வையுங்கள். அது புதிதாக உறைந்த தெளிந்த ஐஸுக்கான கணக்கு. வெள்ளையாக இருக்கும் ஐஸ் அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும்.

உட்காரும் இடத்தில் காலுக்கடியில் தடித்த ரப்பர் நுரைப் பாயோ மரப்பலகையோ போடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். சர்க்கரை உள்ளவர் அரை மணிக்கு ஒருமுறை காருக்குள் போய் சாக்ஸைக் கழற்றி விரல்களைக் கண்ணால் பார்க்க வேண்டும், குனிய முடியாதவருக்கு மகனோ மருமகளோ பார்க்க வேண்டும். நம் நிறத்தில் வெளுப்பு சட்டென்று தெரியாது. பக்கத்துத் தோலைவிடச் சாம்பல் பூத்த மாதிரி, மெழுகு பூசிய மாதிரி, தொட்டால் கட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். புகைப்பது ரத்தக்குழாயைச் சுருக்கும். மது சூடேறிய மாதிரி காட்டி உடம்பின் சூட்டை வெளியே விட்டுவிடும்.

அப்படி ஒரு விரல் தென்பட்டால் தேய்க்காதீர்கள், பனியை வைத்துத் தேய்ப்பது அதைவிடக் கெடுதல். தீயிலோ ஹீட்டரிலோ காட்டாதீர்கள். திரும்பவும் உறைய வாய்ப்பிருக்கும் இடத்தில் உருக்கவே கூடாது, உருகி மறுபடி உறைந்தால் சேதம் பல மடங்காகும். ஈரச் சாக்ஸை எடுத்துவிட்டு, காய்ந்த துணியால் தளர்வாகச் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர நேரமாகும் என்றால் மட்டும் வீட்டில் 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் தண்ணீரில், தோல் மிருதுவாகி நிறம் திரும்பும் வரை, ஏறத்தாழ அரை மணி நேரம் வைக்கலாம். தண்ணீரைத் தெர்மாமீட்டரால் அளக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் காலை விட்டுச் சூடு பார்க்கக்கூடாது. கொப்புளத்தை உடைக்க வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் வீடு திரும்பியதும் உறையையும் அட்டையையும் வெளியே எடுத்து, அறைச் சூட்டில் ஓர் இரவும் பகலும் காயவிடுங்கள். ஹீட்டர் மேல் போட்டால் ஃபெல்ட் சுருங்கும், ரப்பர் ஒட்டு விடும். ஊருக்குக் கொண்டுவந்தால் அடுத்த பயணம் வரை பாலிதீன் பையில் கட்டிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். நம் வெயிலிலும் ஈரக்காற்றிலும் பாலியூரித்தேன் அடிப்பாகம் நான்கைந்து வருடத்தில் உள்ளுக்குள்ளேயே சிதைய ஆரம்பிக்கும். வெளியே புதிது மாதிரி இருக்கும், போட்டு நாலு அடி நடந்தவுடன் பொடிப்பொடியாக உதிரும். கம்பளி உறையைத் தனியாக எடுத்துப் பாச்சை உருண்டையோடு துணிப்பையில் வையுங்கள், பூட்ஸைக் காற்றோட்டமான அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். மறுபடி கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் எடுத்து, அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, வளைத்துப் பார்த்து, வாளிச் சோதனையையும் ஒருமுறை செய்துவிடுங்கள். வெடிப்போ உதிர்வோ தெரிந்தால் அதை இங்கேயே விட்டுவிட்டு, புதிய அளவுத்தாளை மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம்.