புரத இணைப்பா, புரத நிரப்பா?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் தீவனக் கடையில் ஒரு மூட்டையின் மேல் ‘முடிப்பு மாடுகளுக்கான புரத இணைப்பு’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். கால்நடை விளக்கக் கூட்டத்திலும் அதே தொடர். விற்பனைக்காகக் கொழுக்க வைக்கும் மாட்டுக்குத் தரும் ‘புரோட்டீன் சப்ளிமென்ட்’டைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். இனிப் பொறுப்பதற்கில்லை.

‘புரோட்டீன்’ என்பது கிரேக்கத்தில் ‘முதன்மையானது’ என்ற பொருளில் பிறந்து, 1838-இல் அறிவியலுக்குள் வந்தது. அதன் ஒலியை ஒட்டி அமைந்த ‘புரதம்’ நமக்குப் பழகிவிட்டது, இருக்கட்டும். என் வழக்கு ‘இணைப்பு’ மீதுதான்.

நாளிதழோடு வரும் ஞாயிறு இணைப்பை எடுத்து மாட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டார் மொழிபெயர்ப்பாளர். இணைப்பு இல்லாமலும் நாளிதழ் முழுமையானது. தீவனம் அப்படியல்ல. ‘சப்ளிமென்ட்’ என்பதன் லத்தீன் வேருக்கு நிரப்புதல் என்று பொருள். மக்காச்சோளத்தில் புரதம் 8, 9 விழுக்காடுதான். விற்பனைக்குக் கொழுக்க வைக்கும் மாட்டுக்கு 12, 13 விழுக்காடாவது வேண்டும். அந்தப் பள்ளத்தை மூடத்தான் 44 விழுக்காட்டுக்கு மேல் புரதமுள்ள சோயாப் புண்ணாக்கு. நம் செம்பனைப் புண்ணாக்கிலேயே ஏறக்குறைய 16 விழுக்காடு இருக்கிறது. அதையே அள்ளிப்போடுகிறவருக்கு இந்த மூட்டை எதற்கு? ‘நிரப்பு’ என்று எழுதியிருந்தால் ‘என்ன குறையை நிரப்ப?’ என்று கேட்டிருப்பார். ‘இணைப்பு’ என்றதும் வாங்கிப் போய்விடுகிறார்.

‘சத்து மருந்து’ என்பவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் ஆபத்து. இத்தகைய தீவனங்களில் யூரியாவும் கலப்பதுண்டு. அது புரதமே இல்லை. மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அதைக் கொண்டு புரதம் செய்துகொள்கின்றன. மருந்துதானே என்று ஒரு கை கூடுதலாகப் போட்டால் மாடு செத்தே போகலாம்.

அடுத்தது ‘முடிப்பு’, ஆங்கில ‘ஃபினிஷிங்’கின் நேர்ப் பெயர்ப்பு. எதை முடிப்பது, மாட்டையா? லயத்து வீட்டுப் பின்கட்டில் மாடு வளர்த்த பெரியவர்கள் ‘தேத்தி விக்கணும்’ என்றுதான் சொல்வார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாடு கேட்டு ஆள் வந்தால், ‘இன்னும் தேறல, ரெண்டு மாசம் போகட்டும்’ என்பார்கள். உடம்பு பிடித்து, சதை போட்டு, விலைக்கு நிற்கும் நிலை அத்தனையும் ‘தேறுதல்’ என்ற ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. அகராதியின் முதல் பொருளைப் பெயர்த்தெடுப்பவர்கள் ஒரு மாட்டுக்காரரிடமாவது கேட்டிருக்கலாம்.

மூட்டையில் ‘தேற்றுமாட்டுப் புரத நிரப்பு’ என்று அச்சிடுங்கள். இப்போதிருப்பதைவிட எழுத்தும் குறைவு.