நாணயம்: காசுக்கும் குணத்துக்கும் ஒரு சொல்

சட்டைப்பையில் கிடக்கும் உலோகக் காசும் நாணயம். கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் குணமும் நாணயம். மலையாளத்தில் நாணயம், கன்னடத்தில் நாண்ய என்று காசைக் குறிக்க வழங்கும் இச்சொல், வடமொழியின் ‘நாணக’ என்பதிலிருந்து வந்தது. பழங்காலத்தில் வட இந்தியாவை ஆண்ட குஷாணரின் காசுகளில் பொறிக்கப்பட்ட நனா என்ற பெண்தெய்வத்தின் பெயரே அதற்கு மூலம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. ‘நா நயம்’ என்று பிரித்துப் பொருள் சொல்வது மேடைக்கு அழகு, சொல்லாராய்ச்சிக்கு உதவாது. எழுத்தே வேறு.

காசு எப்படிக் குணமாயிற்று? பழங்காசின் மதிப்பு அதன் உலோகத்தில் இருந்தது. எடை குறையலாம், மட்டமான உலோகம் கலக்கலாம். ஆகவே காசின் தரத்தை நோட்டம் பார்க்கத் தனியாளே இருந்தார், அவர் வண்ணக்கன். புறநானூற்றுப் புலவர் வடம வண்ணக்கன் தாமோதரனாரின் பெயரிலேயே அத்தொழில் நிற்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகள் வெறுமனே காசு என்னாமல் ‘அன்றாடு நற்காசு’, அதாவது அன்று வழக்கில் இருக்கும் நல்ல காசு, என்று குறித்துக் கேட்கின்றன. மேலே முத்திரை காட்டும் மதிப்பு உள்ளேயும் இருக்க வேண்டும் என்ற அந்த எதிர்பார்ப்புதான் மனிதர்மீதும் ஏறியிருக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு. ‘கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம்’ என்ற பெயர்ப்பலகையில் நாணயம் என்பது கடன். நம்பிக் கொடுப்பதால் அந்தப் பெயர். பத்திரமும் சாட்சியும் இல்லாத கைமாற்றில் இதைத் தெளிவாகக் காணலாம். சொன்ன நாளில் திருப்பிக் கொடுப்பவர் நாணயமானவர். கொடுக்க முடியாதபோது, கடன் கொடுத்தவர் தேடி வருமுன் தாமே போய் நிலைமையைச் சொல்பவரை நான் இன்னும் மேலாக மதிக்கிறேன். பெரும்பாலோர் ஒளிந்துகொள்ளும் இடம் அது. கடைக்காரர் தவறுதலாக நூறு ரூபாய் கூடுதலாகச் சில்லறை கொடுத்தால், எண்ணிப் பார்த்துத் திருப்பித் தருவதும் இதே குணம்தான். ‘கைசுத்தம்’ என்பது இதைவிடக் குறுகியது; அடுத்தவர் பொருளைத் தொடாமை மட்டுமே அது.

வடமொழிவழி வந்த இச்சொல்லைத் தனித்தமிழில் எப்படிச் சொல்வது? உலோகத்துக்குக் காசு போதும். குணத்துக்கு நேர்மை, நாணயஸ்தருக்கு நேர்மையாளர். ஆனால் நேர்மை, சிந்தனையையும் பேச்சையும் சேர்த்து அளக்கும் அகன்ற சொல். கொடுக்கல் வாங்கலுக்கென்றே அமைந்த தொடர் பட்டினப்பாலையில் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை ‘நடுவுநின்ற நன்னெஞ்சினோர்’ என்கிறார் உருத்திரங்கண்ணனார். தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒப்ப நாடி, ‘கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது’ விற்றார்களாம். வணிகம் பற்றி எழுதும்போது நாணயத்துக்கு ஈடாக ‘நடுவுநிலை’ என்ற சொல்லை நான் துணிந்து எடுத்துக்கொள்வது இந்த வரிகளை நம்பித்தான்.