காசிமேட்டில் இதை வாசிக்கிறவர் யார்? தினதியானம் எழுதுகிறவர்களுக்கு

பிரசங்கத்தில் ஒன்றைத் தவறாகச் சொல்லிவிட்டால், ஆராதனை முடிந்ததும் வாசலில் நிறுத்திக் கேட்க நாலு பேர் இருப்பார்கள். நாளுக்கு ஒரு பக்கமாக ஒரு வேத வசனத்தை விளக்கி எழுதும் தினதியானத்துக்கு அந்த வாசல் கிடையாது. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் முன்போ, ஸ்டான்லி ஆஸ்பத்திரி வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோ, ஒருவர் தனியாக வாசிக்கிறார். எழுதியிருப்பதை அப்படியே நம்புகிறார். ஒரு பக்கம்தானே என்று லேசாக எடுத்துக்கொள்கிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

அளவு முதலில். அச்சில் வசனம், விளக்கம், இரண்டு மூன்று வரி ஜெபம் எல்லாம் சேர்த்து 200 முதல் 250 சொல் போதும். ஒலிப்பதிவென்றால் நிமிடத்துக்குச் சுமார் 100 சொல். வாட்ஸ்அப்பில் நீளமான செய்தி பாதியில் மடங்கிக்கொள்ளும், ஆகவே வசனமும் அதன் எண்ணும் உச்சியிலேயே வந்துவிட வேண்டும். இதற்குள் ஒரு கருத்துக்குத்தான் இடம். இரண்டாவது கருத்து தோன்றினால் நல்லதுதான், இன்னொரு நாளுக்கு எடுத்து வையுங்கள்.

வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11 தவறாமல் வந்துவிடும். ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்பதை எடுத்து, இந்த வருஷம் வேலை கிடைக்கும், கல்யாணம் கூடிவரும் என்று எழுதிவிடுவார்கள். ஒரு வசனம் மேலே போனால் போதும்: பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பின்பு என்றிருக்கிறது. சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு எழுதிய கடிதம் அது. அதைக் கேட்ட பெரியவர்கள் பலர் உயிரோடு ஊர் திரும்பியிருக்க முடியாது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று 5ஆம், 7ஆம் வசனங்கள் சொல்கின்றன. குடிசை இடிக்கப்பட்டுப் பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பத்தோடு 11ஆம் வசனத்தைவிட 7ஆம் வசனம்தான் அதிகம் பேசும். எந்த வசனத்தை எடுத்தாலும் முன்னும் பின்னும் பத்து வசனமாவது வாசியுங்கள். பிலிப்பியர் போன்ற நிருபமென்றால் (சபைகளுக்கு எழுதிய கடிதம்) மொத்தமே நான்கு அதிகாரம், முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்துவிடலாம்.

லூக்கா 5ஐப் பாருங்கள். ‘விசுவாசித்து வலையைப் போடு, இன்றே நிறையும்’ என்று முடிகிற தியானங்கள் ஏராளம். சென்னை மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் தொழிலுக்குப் போகிற ஒருவர் அந்தப் பகுதியை வாசித்தால் வேறு விஷயங்கள் கண்ணில் படும். 2ஆம் வசனத்தில் வலைகளை அலசிக்கொண்டிருக்கிறார்கள், அதாவது அன்றைய தொழில் முடிந்துவிட்டது. அலசின வலையை மறுபடி நனைக்கச் சொல்கிறார் இயேசு. இராமுழுவதும் உழைத்தும் ஒன்றும் அகப்படவில்லை என்று 5ஆம் வசனத்தில் சொல்லும் சீமோனின் குரலில் இருக்கிற அலுப்பு அப்போதுதான் புரியும். அடுத்து வருவது வலை கிழியத்தக்க மீன்பாடு, இரண்டு படகும் அமிழத்தக்க பாரம். வலை கிழிந்தால் என்ன செலவாகும் என்று தெரிந்தவருக்கு இது வெறும் குஷியான செய்தியாக இருக்காது. மற்றப் படகுக்காரர்களைச் சைகை காட்டிக் கூப்பிட்டதால்தான் சமாளிக்கிறார்கள். கடைசியில், 11ஆம் வசனத்தில், அத்தனை மீனையும் கரையில் விட்டுவிட்டுப் பின்னால் போய்விடுகிறார்கள். ‘ஆசீர்வாத’ எழுத்தாளர்கள் பெரும்பாலும் 7ஆம் வசனத்தோடு நிறுத்திக்கொள்வதன் காரணம் நமக்குத் தெரியாததா! இன்னொன்று, கலிலேயாக் கடல் என்பது சுமார் 21 கி.மீ. நீளமுள்ள நன்னீர் ஏரி. அதில் உப்புக்காற்றை வீசவிடாதீர்கள்.

இதே தியானத்தை எந்தத் தேதியில் வைக்கிறோம் என்பதும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மே மாதம் ‘வலை நிறையும்’ என்று எழுதினால் வாசிக்கிறவருக்குக் கேலியாகத்தான் படும். வருடப் புத்தகத்துக்கு ஆறேழு மாதம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டியிருப்பதால் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்டர் 2026இல் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28. பழைய தொடரைத் தேதி மாற்றாமல் மறுபடி போட்டால், உயிர்த்தெழுதலுக்குப் பிறகு ஒரு வாரம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

உவமைகளில்தான் பொய் அதிகம் நுழைகிறது. நாற்பது வயதில் கழுகு தன் அலகைப் பாறையில் மோதி உடைத்து, புது அலகு வளர்த்து, எழுபது வயது வரை வாழும் என்ற கதையை, ‘கழுகுகளைப்போல’ எழும்புவதைச் சொல்லும் ஏசாயா 40:31க்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் கழுகும் அப்படிச் செய்வதில்லை. அலகை இழந்த பறவை பட்டினியில் செத்துப்போகும். இயேசுவின் ஒட்டக உவமையில் வரும் ஊசியின் காது என்பது எருசலேமில் இருந்த சின்ன வாசல் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஆங்கிலத் தியானத்தைத் தமிழாக்கித் தன் பெயரைப் போட்டுக்கொள்வது திருட்டு. அந்தக் கதையில் சென்னைப் பெரம்பூரில் வெண்பனி கொட்டும்போது எப்படியும் மாட்டிக்கொள்வார்கள். பாடல் வரிகளிலும் கவனம் வேண்டும்: இயற்றியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. 1864இல் மறைந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் தாராளமாக எடுத்தாளலாம்.

சில வரிகள் ஆபத்தானவை. ‘மருந்தை அல்ல, கர்த்தரை நம்பு’ என்பது காதுக்கு நன்றாகத்தான் இருக்கும். காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் அதைப் படித்துவிட்டு நடுவில் நிறுத்தினால், நோய் மருந்துக்கு அடங்காததாக மாறிவிடக்கூடும். நோய் குணமான ஒருவரின் சாட்சியைப் போடுகிறீர்களா? அவர் சிகிச்சை எடுத்திருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள். முப்பதும் அறுபதும் நூறுமாகப் பலன் தரும் விதையைக் காணிக்கைப் பணம் என்று எழுதுகிறவர்கள் மாற்கு 4:14ஐப் பார்க்கட்டும், விதைக்கப்படுவது வசனம். வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போடுகிற வீடுகள் இருக்கின்றன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படிந்து, படகும் வலையும் பாழாயின. இப்படி ஒன்று நடந்தால், ‘இது எங்கள் பாவத்துக்கா?’ என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழும். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைச் சொல்லி, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளோ என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதில் சொல்லிவிட்டார் (லூக்கா 13:4, 5). அதைத் தாண்டி நாம் தீர்ப்பு எழுத வேண்டாம்.

இத்தனை பாடுபடுவதற்குக் கிடைப்பது என்ன? சன்மானம் சொற்பம், பல இடங்களில் அதுவும் இல்லை. ஆனால் ஒரே நிருபத்தை 31 நாளுக்குப் பிரித்து எழுதி முடித்தவருக்கு, அந்த நிருபம் பிரசங்கம் கேட்டு வராத அளவுக்குக் கைவசமாகிவிடும். நாகூம், லேவியராகமம் போன்ற வேதப் புத்தகங்களை நாமாகத் தேடிப் போய் வாசிப்போமா? வாசகர் கடிதங்களும் வரும், பெரும்பாலும் நாம் பாடுபட்டு இழைத்த வரிக்காக இருக்காது, அவசரத்தில் எழுதிய சாதாரண ஜெபத்துக்காக இருக்கும். இந்து வீடுகளிலிருந்தும் வரும். அடுத்தவர் சாமியைக் குத்திக் காட்டும் வாக்கியத்தை வெட்டியது நல்லதாயிற்று என்று அன்றைக்குத் தோன்றும்.

‘வாழப் பிடிக்கவில்லை’ என்று ஒருவர் எழுதினால் வசனம் மட்டும் அனுப்பிவிட்டு ஓயக் கூடாது. அன்றே பேசுங்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள், மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 அல்லது தமிழக அரசின் 104 எண்ணைக் கொடுங்கள். புத்தகமாகப் போடுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பின்னட்டையில் அச்சிடலாம், ஒரு வரி இடம்தான் பிடிக்கும்.