சுரப்புநீர் இல்லீங்க, வளரியக்கி

நேத்து புதுச்சேரி பெரிய மார்க்கெட்ல திராட்சை வாங்கிட்டு வீட்டுக்கு வந்தா, பையன் ஒரு தோட்டக்கலைக் கையேட்டை நீட்டுறான், அதுல மறுபடியும் அதே வரி: விதையில்லாத் திராட்சைக்குச் சுரப்புநீர் தெளிக்கவும். எத்தனை தடவதான் பாத்துட்டு சும்மா இருக்கிறது, எழுதிடறேன்.

ஹார்மோன்ங்கிற சொல்லைத்தான் இப்படி சுரப்புநீர்னு மொழிபெயர்க்கிறாங்க. ஹார்மோனுக்கு வேர் கிரேக்கம், கிளப்பிவிடு, இயங்கவைன்னு பொருள். 1905ல ஸ்டார்லிங்னு ஒரு இங்கிலாந்து உடலியல் அறிஞர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அவ்ளோதான். அந்தச் சொல்லுக்குள்ள நீரும் இல்ல, சுரப்பியும் இல்ல.

நமக்கு தைராய்டு, கணையம்னு சுரப்பி இருக்கு, சுரந்தது ரத்தத்துல கலக்குது, அங்க சுரப்புநீர்னு சொன்னா சரி. திராட்சைக் கொடியில ஹார்மோனுக்குன்னு தனிச் சுரப்பி எங்கய்யா இருக்கு? குருத்து, இளம் இலை, வேர் முனை, வளர்ற விதைன்னு பல இடத்துல உண்டாகுது. அந்த ஹார்மோன்கள்ல ஒண்ணான எத்திலீன் வாயு, அதைப் போய் நீர்னு எழுதினா படிக்கிற புள்ளைங்க என்ன நினைக்கும்? இயக்குநீர்னு இன்னொரு மொழிபெயர்ப்பு இருக்கு, அதுவும் பாதி சரி, கடைசில அதே நீர்லதான் வழுக்குது. சரி, வளர்ச்சி ஊக்கின்னு வச்சுக்கலாம்னு சிலர் சொல்றாங்க, அதுவும் நிக்காது, ஏன்னா அப்சிசிக் அமிலம்ங்கிற செடி ஹார்மோன் வளர்ச்சியை அடக்கும், கறுப்புத் திராட்சைக்கு நிறம் ஏற உதவுறதும் அதுதான், அதை எந்த வாயால ஊக்கின்னு கூப்பிடுறது? இயக்கின்னா முடுக்கவும் செய்யும், நிறுத்தவும் செய்யும். அதான் வளரியக்கிங்கிறேன்.

திராட்சைல இது ரொம்ப முக்கியம். கம்பம் பன்னீர் திராட்சைல விதை இருக்கு, ஜிபரெல்லின் மாதிரி வளரியக்கிகளை அந்த விதையே குடுக்குது, காய் பெருக்குது. தாம்சன் சீட்லெஸ்ங்கிற விதையில்லா ரகத்துல கருவுறுதல் நடக்கும், ஆனா கரு பாதியிலயே செத்துடும், அதனால வளரியக்கி வரத்து குறைஞ்சு காய் சின்னதா நின்னுடும், அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஜிபரெல்லின் வகையான ஜிபரெல்லிக் அமிலத்தைத் தெளிக்கிறாங்க, இல்ல கொத்தைக் கரைசல்ல முக்குறாங்க. இந்த மொழிபெயர்ப்பாளருங்க அகராதியில முதல்ல கண்ணுல பட்ட சொல்லை எடுத்துப் போட்டுடறாங்க, கடலூர்ல எங்க அத்தை அதைப் படிச்சுட்டு ஏதோ மாட்டுக்குப் போடுற ஊசி மருந்துன்னு நினைச்சு விதையில்லாத பழத்தையே தொடமாட்டேங்கிறாங்க. பழத்துக்கு யாரும் ஊசி போடல அத்தை.

ஜிபரெல்லினை மட்டும் மொழிபெயர்க்க வேணாம், அது நெற்பயிரை ஒல்லியா நெடுநெடுன்னு வளத்துவிடுற ஜிபரெல்லாங்கிற பூஞ்சையோட பேர்லேர்ந்து 1935ல ஜப்பான்காரர் யபுடா வச்ச பேர். "ஜிபரெல்லிக் அமிலம் என்னும் வளரியக்கியைத் தெளிக்கவும்"னு அந்த ஒரு வரியை மாத்துங்க, தோட்டத்துல கொத்து முக்குறவருக்கும் புரியும், அத்தைக்கும் புரியும்.