பணிவிலகல் படிவத்தை நம்பிக் கெடாதீர்கள்

மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் மனிதவள ஆலோசகராக நான் போய்வரும் ஒரு தொழிற்சாலையில், தைப்பூசம் கழிந்த வாரமே கைதேர்ந்த டெக்னீஷியன் ஒருவர் விலகல் கடிதம் கொடுத்துவிட்டார். படிவத்தில் ‘கூடுதல் சம்பளம்’ என்ற கட்டத்தில் டிக். நிர்வாகி அதை என்னிடம் நீட்டி, “பார்த்தீர்களா மேடம், நூற்றைம்பது வெள்ளிக்காக (ரிங்கிட்) ஓடுகிறார்கள்” என்றார். இதே வசனத்தை எத்தனை அலுவலகங்களில் கேட்டுவிட்டேன்! இனியும் கேட்கப் பொறுமையில்லை.

அந்தப் படிவத்தை எதை வைத்து நம்புகிறீர்கள்? விலகுகிறவருக்குக் கடைசி மாதச் சம்பளம் கைக்கு வர வேண்டும். புதிய நிறுவனம் உங்களை அழைத்து அவரைப் பற்றி விசாரிக்கலாம். படிவத்தை வாங்கிப் படிப்பவரோ அவருடைய மேற்பார்வையாளர். இந்த நிலையில் ‘இவரோடு காலம் தள்ள முடியவில்லை’ என்று எழுத அவருக்கென்ன தலையெழுத்தா? யார் மனமும் நோகாத காரணம் சம்பளம்தான். டிக் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். நீங்களோ அந்த டிக்குகளை எண்ணிக் கூட்டி, வண்ண வண்ணமாக வரைபடம் போட்டு, “பிரச்சினை சம்பளம்” என்று தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்புகிறீர்கள். சம்பளம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது; வாடகை கட்டிய பிறகு அதில் என்ன மிஞ்சும் என்பது பினாங்கில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். அதை மட்டும் கொடுத்துவிட்டு விசுவாசம் எதிர்பார்ப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. ஓரளவு நல்ல சம்பளம் கொடுத்தும் ஆட்கள் நிற்காமல் விழிக்கிறவர்களிடம்தான் பேசுகிறேன்.

அந்த டெக்னீஷியனிடம் தனியாகப் பேசினேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பதாக நேர்த்திக்கடன். நவம்பரிலேயே விடுப்பு கேட்டிருக்கிறார். “பார்க்கலாம்” என்று பதில். டிசம்பரிலும் “பார்க்கலாம்”. விரதமும் தொடங்கிவிட்டார். தைப்பூசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, இரவு பத்தரை மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ஷிப்ட் பட்டியல் வருகிறது. தைப்பூச நாளின் பகல் ஷிப்ட்டில் அவர் பெயர். நிறுவனம் சட்டத்தை மீறவில்லை. பொது விடுமுறையில் வேலைக்கு அழைக்கலாம். விடுமுறை ஊதியத்துக்கு மேல் இரண்டு நாள் ஊதியம் கொடுக்க வேண்டும், கொடுத்தார்கள். “மூன்று மடங்கு கொடுத்தோமே!” என்று நிர்வாகிக்கு ஆதங்கம். ஐயா, முருகனுக்கு நேர்ந்துகொண்டவரிடம் மூன்று மடங்குக் கணக்கு பேசினால் எப்படி?

உற்பத்தி இலக்கு பொய்யில்லை. சரக்கு நாள் தவறினால் வாடிக்கையாளர் வேறு இடம் தேடுவார், அப்போது எல்லோருக்கும்தான் வேலை போகும். ஆனால் தைப்பூசம் என்றைக்கு என்பது ஓராண்டுக்கு முன்பே தெரியும். காலாண்டு இலக்கும் திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க யாரும் மெனக்கெடவில்லை. மலாய், சீன நண்பர்களிடம் ஷிப்ட்டை மாற்றிக்கொள்ளக் கேட்டிருக்கலாம். நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நம்மவர்கள் அவர்களுக்காக நிற்பதில்லையா?

ஷிப்ட் பட்டியலை இரண்டு வாரம் முன்பே ஒட்டுங்கள். மாற்ற நேர்ந்தால் ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள், இரவில் குழுவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். விடுப்பு கேட்டால் உண்டு, இல்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். இல்லை என்பதைக்கூட மனிதர்கள் தாங்கிக்கொள்வார்கள். ஓவர்டைம் எல்லோருக்கும் இனிக்கும் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக் கடன் இருப்பவர் கேட்டு வாங்குவார், பிள்ளையை டியூஷனிலிருந்து அழைத்துவர வேண்டியவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். (சட்டப்படி வாரத்துக்கு அதிகபட்சம் 48 மணி நேர வேலை என்பது 2023 ஜனவரியிலேயே 45 ஆகிவிட்டது. பழைய ஒப்பந்தத்தை இன்னும் திருத்தாமல் வைத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். அது வேறு கதை.) விலகுகிறவரிடம் பேசும் வேலையை அவருடைய மேற்பார்வையாளரிடம் தயவுசெய்து விடாதீர்கள்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் கொஞ்சம் திட்டு பாக்கி இருக்கிறது. கேன்டீனில் மணிக்கணக்கில் புலம்புகிறீர்கள். ஆண்டு மதிப்பீட்டில் உட்கார வைத்துக் கேட்டால் “ஒன்றுமில்லை மேடம்” என்கிறீர்கள். நிர்வாகம் ஜோதிடமா பார்க்கும்? வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றிக் கேட்க 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்திலேயே இப்போது வழி இருக்கிறது. எழுதிக் கொடுத்தால் முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். வாயால் கேட்டால் இந்தக் கணக்கு ஓடாது. எழுதுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு இடம் கிடைத்துவிட்டதா? கையெழுத்துப் போடும் முன் அங்கே ஷிப்ட் பட்டியல் எத்தனை நாள் முன்பு வரும், தொழிற்சாலை பஸ் உங்கள் ஊர் வரை வருமா என்று கேளுங்கள். சுங்கை பட்டாணியிலிருந்து தினமும் காரில் பினாங்குப் பாலம் கடந்து வந்தால், கூடுதலாகக் கிடைப்பது பெட்ரோலுக்கும் டோலுக்குமே சரியாகப் போய்விடும்.